தீவு மக்களுக்கு ஒரு கடற்காவல்

அரபிக் கடலில், கேரளக் கரைக்கு மேற்கே 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவில், இலட்சத்தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. 36 தீவுகளுள் பத்தில் மட்டுமே மக்கள் வாழ்கின்றனர். நிலம் முழுவதையும் ஒன்றுசேர்த்தாலும் 32 சதுரக் கிலோமீட்டரே தேறும். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இங்கு வாழ்ந்தோர் 64,473 பேர். மலையோ குன்றோ இல்லாத இப்பவழத் தீவுகளில் நிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்திலேயே உள்ளது.

பெருநிலத்தில் கடல் பொங்கினால் மக்கள் உள்நாட்டை நோக்கி ஓடலாம். இங்கோ ஒரு கரையிலிருந்து ஓடத் தொடங்கியவன் சிறிது நேரத்தில் மறுகரையில் நிற்பான். ஆதலின் தீவுவாசிக்கு ஓடுவதற்கான இடம் குறைவு. முன்கூட்டி அறியும் நேரமே அவனுக்குப் பெரும் பாதுகாப்பு. அந்த நேரத்தை ஈட்டித் தருவதே கடலை இடைவிடாது நோக்கும் ஏற்பாட்டின் பயனாகும்.

கள்ளனைப் போல் வரும் அலை

பருவமழைக்கு முந்திய ஏப்ரல், மே மாதங்களில், காற்று அமைதியாகவும் வானம் தெளிவாகவும் இருக்கும்போதே கடல் திடீரெனப் பொங்கிக் கரையேறுவதுண்டு. கேரள மீனவர் இதனைக் ‘கள்ளக்கடல்’ என்பர். கள்ளனைப் போல அறிவிப்பின்றி வருவதால் அமைந்த பெயர் இது.

இதன் பிறப்பிடம் உள்ளூர்க் கடல் அன்று. நெடுந்தொலைவில், தென் இந்துமாக் கடலில் வீசும் கடும்புயல் நீண்ட அலைகளை எழுப்புகிறது. புயல் அங்கேயே ஓய்ந்துவிடினும் அலைகள் ஓய்வதில்லை. நிலநடுக்கோட்டைக் கடந்து வடக்கே வருகின்றன. பதினெட்டு விநாடிக்கு ஒருமுறை எழும் அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். 5,000 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு நூறு மணி நேரம், அதாவது நான்கு நாட்களுக்குச் சற்று மேல், ஆகும். கள்ளன் புறப்பட்டதை அன்றே கண்டுகொண்டால், அவன் வந்து சேருமுன் படகுகளை மேடேற்றவும், கரையோர வீடுகளிலிருந்து முதியோரையும் குழந்தைகளையும் அகற்றவும் போதிய அவகாசம் கிடைக்கும்.

ஹைதராபாத்தில் 1999-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இப்பணியை மேற்கொண்டுள்ளது. செயற்கைக்கோள்கள் அளக்கும் கடற்காற்றின் வேகத்தைக் கொண்டு, அலையின் பயணத்தைக் கணிப்பொறிகள் கணக்கிடுகின்றன. கள்ளக்கடலுக்கென்றே தனி முன்னறிவிப்பு முறை ஒன்றை இம்மையம் 2020-இல் தொடங்கியது.

கணக்கைச் சரிபார்க்கும் கருவிகள்

கணக்கு எத்துணை நுட்பமாயினும், கடலை நேரில் அளந்து பார்த்தே அதனை நம்ப இயலும். இதற்கென அகத்தித் தீவு, போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) முதலிய இடங்களில் அலைமானி மிதவைகள் இடப்பட்டன. பந்து வடிவான இம்மிதவை அலையோடு ஏறி இறங்கும். அதனுள் இருக்கும் கருவி அந்த அசைவிலிருந்து அலையின் உயரத்தையும் கால இடைவெளியையும் திசையையும் கண்டறியும்.

கடலின் ஏற்றவற்றத்தைக் குறிக்கும் ஓதமானிகளும் இன்றியமையாதவை. ஒரே அலை, நீர் வற்றிய வேளையில் வந்தால் பவழப் பாரிலேயே உடைந்து அடங்கும்; நீர் ஏறிய வேளையில் வந்தால் வீட்டு வாசல்வரை வரும். இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தால்தான் எச்சரிக்கை முழுமை பெறும்.

நீரோட்டத்தை அறிய மற்றொரு முறை உண்டு. கரையில் நாட்டிய ரேடார் அனுப்பும் ரேடியோ அலைகள் கடலலைகளில் பட்டுத் திரும்புகின்றன. திரும்பும் அலையின் அதிர்வெண்ணில் காணும் சிறு மாறுதல், மேற்பரப்பு நீரின் ஓட்டத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஒரு நிலையத்தால் ஒரு திசைப் போக்கை மட்டுமே காண இயலும். இரண்டு நிலையங்கள் சேர்ந்தால் வேகமும் திசையும் தெளிவாகும். இதனாலேயே சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் அந்தமானில் போர்ட் பிளேரிலும் ஹட்பேயிலும் இவற்றை இணையாக அமைத்தது. எந்திரம் பழுதுற்ற படகு எத்திசையில் மிதந்து சென்றிருக்கும் என்று தேடுவோர்க்கு இவ்வளவைகள் வழிகாட்டும்.

நிமிடங்களே உள்ளபோது

கள்ளக்கடல் நாட்கணக்கில் அவகாசம் தரும்; சுனாமி தராது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்தபோது இந்துமாக் கடலுக்கென எச்சரிக்கை அமைப்பு ஏதும் இல்லை. நிக்கோபார்த் தீவுகள் பேரழிவுக்குள்ளாயின. அதன் பின்னர், 2007 அக்டோபரில், ஹைதராபாத் மையத்திலேயே சுனாமி எச்சரிக்கை மையம் செயற்படத் தொடங்கியது. ஆழ்கடல் தரையில் வைக்கப்படும் அழுத்தமானி, தனக்கு மேலுள்ள நீரின் எடையை அளக்கிறது. பல ஆயிரம் மீட்டர் ஆழத்திலும் சில சென்டிமீட்டர் ஏற்றத்தை அது உணர்ந்து, மேலுள்ள மிதவைக்கு ஒலிவழியாகவும், அங்கிருந்து செயற்கைக்கோள் வழியாகவும் செய்தியை அனுப்பும்.

ஆயினும், அதிர்வு மையத்துக்கு அருகிலுள்ள தீவுகளில் அலை சில நிமிடங்களிலேயே வந்துவிடக்கூடும். அங்கு கடும் நில அதிர்வே முதல் எச்சரிக்கை. சங்கொலிக்குக் காத்திராது மேட்டுநிலத்தை நாடவேண்டும் என்பதைச் சிறு குழந்தையும் அறிந்திருத்தல் வேண்டும்.

கடைசிக் கண்ணி

எச்சரிக்கை உரியவர் காதுக்கு எட்டாவிடில் கருவிகளால் பயனில்லை. 2017 நவம்பர் இறுதியில் எழுந்த ஒக்கி புயல், குமரிமுனை அருகே கடந்து மினிக்காய், கல்பேனி தீவுகளையும் தாக்கியது. அது வலுப்பெற்றபோது மீனவர் பலர் ஆழ்கடலில் இருந்தனர். கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் கைப்பேசி எட்டுவதில்லை. ஆதலின் செய்தியும் அவர்களை எட்டவில்லை. பலர் மீளவேயில்லை. செயற்கைக்கோளிலிருந்து நேரே செய்தி பெற்று, மீனவரின் கைப்பேசியில் காட்டும் ‘ஜெமினி’ என்னும் கருவி 2019-இல் அறிமுகமாயிற்று. அத்தகைய கருவி ஒவ்வொரு படகிலும் இருப்பதும், செய்தி மீனவரின் சொந்த மொழியில் வருவதும் உறுதியாகவேண்டும்.

பவழப் பாரும் இக்காவலுக்கு உட்பட்டதே. தீவைச் சூழ்ந்து நின்று அலையின் வேகத்தை முறிக்கும் இயற்கை அரண் அது. கடல்நீர் அளவு மீறி வெப்பமுற்ற 1998, 2010, 2016-ஆம் ஆண்டுகளில் இலட்சத்தீவுப் பவழம் பெருமளவில் வெளிறி மடிந்தது. அரண் தேய்ந்தால், முன்பு பாரிலேயே அடங்கிய அலையும் ஊருக்குள் புகும். எனவே நீரின் வெப்பத்தைக் கண்காணிப்பதும் கரையைக் காப்பதும் ஒரே பணியின் இரு பகுதிகளாம்.

மீனவரே காவலர்

இவ்வமைப்பு நிலைத்திருப்பது யார் கையில் உள்ளது? கடலில் மிதவை நின்றால் அதன் நிழலில் மீன்கள் கூடும். மீன்கள் கூடினால் படகுகளும் கூடும். படகை மிதவையில் கட்டுவதாலும், உறுப்புகளைக் கழற்றுவதாலும் கருவிகள் பழுதுற்றுச் செய்தி நின்றுபோன நிகழ்ச்சிகள் பல. நடுக்கடலுக்குக் கப்பல் சென்று மிதவையைச் சீர்செய்யும்வரை அக்கடற்பகுதி கண்ணிழந்ததாகவே இருக்கும். அந்நாட்களில் புயல் வந்தால், மிதவையில் கயிறு கட்டியவரின் ஊரும் எச்சரிக்கையை இழக்கும்.

நீரின் நிறத்தையும் அலையின் போக்கையும் கண்டே கடலறிந்தவர் தீவு மீனவர். மிதவை எதற்காக அங்கு நிற்கிறது என்பதை அவர்க்கு விளக்கி, அது அனுப்பும் அளவுகளை நாள்தோறும் அவர் துறைக்கே கொண்டு சேர்த்தால், அதனைக் காப்பவரும் அவரே ஆவர். நடுக்கடலில் அதற்கு வேறு காவலர் இல்லை.