நான்கு காலில் நிற்கும் குதிரை

பியூட்டர் என்ற வெள்ளீயக் கலவையில் வார்த்த குதிரைவீரன் பொம்மைகளை ஆசையாகச் சேகரிப்பவர்கள் உலகெங்கும் உண்டு. கையடக்கச் சிலைதான், ஆனால் குதிரை முன்னங்கால் தூக்கிப் பாயும், வீரன் கையில் ஊசிபோல வாள் நிற்கும். தமிழ்நாட்டில், நீர்காத்த அய்யனார் மலையடிவாரத்தில் குடிகொண்ட ராஜபாளையம் வட்டாரத்தில், அய்யனார் காவல் தெய்வம். அவருக்கு நேர்த்திக்கடனாக வைக்கும் மண்குதிரையோ நான்கு காலையும் தூணாக ஊன்றி நிற்கும். இதை வைத்து, அதை வனையும் வேளார் எனும் குயவர்களின் கைத்திறனைக் குறைத்து எடைபோடுவது பெரும் தவறு. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகி, அச்சின் நுண்ணிய இடுக்கிலும் ஓடிவிடும். ஈரக் களிமண்ணோ தன் எடையைத் தானே சுமந்தபடி உலர வேண்டும். பிறகு சூட்டில் வெடிக்காமல் வேகவும் வேண்டும். ஆளுயரக் குதிரையின் வயிறு கூடாகவும் கால்கள் உருளையாகவும் அமைவது அதனால்தான்.

ஸ்ரீரங்கம் கோயிலின் சேஷராயர் மண்டபத்தில் கற்குதிரைகள் பாயவில்லையா என்று கேட்கலாம். பாய்கின்றன, உண்மை. ஆனால் அவை தூணோடு சேர்த்தே செதுக்கப்பட்டவை. தூக்கிய கால்களுக்குக் கீழே வீரர்களும் விலங்குகளும் முட்டுக்கொடுக்கின்றன. திறந்த வெளியில், மழையிலும் வெயிலிலும் தனியே நிற்கும் மண்குதிரைக்குச் சாய்ந்துகொள்ளத் தூண் ஏது?