கடிகாரக் கவையும் அணுவின் உருவமும்

“இம்மியும் பிசகவில்லை” என்று நாம் அன்றாடம் கூறுகின்றோம். இம்மி என்பது வெறும் சொல்லழகு அன்று. பழந்தமிழ்க் கணக்கில் ஒன்றனைப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கூறுகளாக்கினால் வரும் ஒரு பங்கின் பெயர் அது. ஒரு மீட்டரில் இம்மி எடுத்தால் ஏறத்தாழ 930 நானோமீட்டர் ஆகும். அச்சிற்றளவுக்குள்ளும் அணுக்கள் மூவாயிரத்துக்கு மேல் வரிசையாக நிற்க இடமுண்டு. இன்றைய அறிஞரோ அவ்வணுக்களுள் ஒன்றனைத் தனியே தடவி அறிகின்றனர். அதற்குத் துணைபுரிவது எது? நம் கையிற் கட்டிய கடிகாரத்தினுள் இருக்கும் சிறு படிகத் துண்டே!

கடிகாரத்தினுள் ஒரு கவை

சாலைக் கடைத்தெருவில் கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் கேட்டால், மின்கலத்தால் ஓடும் கடிகாரத்தைத் திறந்து, அரிசிமணி போன்ற ஓர் உலோக உருளையைக் காட்டுவார். காற்று நீக்கி மூடப்பட்ட அவ்வுருளைக்குள் குவார்ட்ஸ் படிகத்தாலான இருகிளைக் கவை ஒன்று உள்ளது. பள்ளி ஆய்வறையில் தட்டி ஒலிக்கச் செய்யும் இசைக்கவையின் சிற்றுருவமே அது.

குவார்ட்சை அழுத்தினால் அதன் பரப்பில் மின்னூட்டம் தோன்றும். 1880-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுக் கியூரி உடன்பிறந்தார் படிகங்களின் இப்பண்பைக் கண்டறிந்தனர். மின்சாரம் ஊட்டினால் படிகம் வளையும் என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. ஆகவே கவையின் கிளைகள் மின்கலத்தின் தூண்டலால் நொடிக்கு 32,768 முறை அதிர்கின்றன. அவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் எஞ்சுவது ஒன்று; அதுவே ஒரு நொடி. 1984-இல் தோன்றி ஓசூரில் ஆலை அமைத்த டைட்டன் நிறுவனத்தின் வாயிலாகவும் இவ்வகைக் கடிகாரங்கள் நம்மவர் இல்லங்களில் பரவின. கவையோ இன்று சில உரூபாய்க்கே கிடைக்கும் பொருள்.

கண்ணால் அன்று, தொடுகையால்

ஒளியால் காணும் நுண்பெருக்கிக்கு ஓர் எல்லை உண்டு. ஒளியலையினும் மிகச் சிறிய அணுவை அது காட்டாது. 1981-ஆம் ஆண்டில் சூரிச்சு நகருக்கருகே பின்னிக், ரோரர் என்னும் இருவர் வேறு வழி கண்டனர். கூரிய ஊசி முனையைப் பொருளின் பரப்பை ஒட்டி நகர்த்தி, இரண்டுக்கும் இடையே பாயும் நுண்மின்னோட்டத்தால் மேடுபள்ளத்தை அறிந்தனர். 1986-இல் இவர்கள் நோபல் பரிசு பெற்றனர். அவ்வாண்டிலேயே, மின்னோட்டத்துக்கு மாறாக விசையை உணரும் கருவியும் பிறந்தது. அதில் ஊசியைத் தாங்கியது மெல்லிய தகடு.

மெல்லிய தகட்டுக்கு ஒரு குறை உண்டு. பரப்பை நெருங்கும்போது ஈர்ப்பு மிகுந்தால் தகடு வளைந்து ஊசி ஒட்டிக்கொள்ளும். பார்வையற்றவர் துவளும் நாணலால் வழி தடவ இயலாது. விறைப்பான கோலே வேண்டும். கடிகாரக் கவை அத்தகைய கோல். 1989 முதற்கொண்டே சிலர் அதனைக் கருவியில் பொருத்திப் பார்த்தனர். 1990-களின் பிற்பகுதியில் செருமனியின் கீசிபில் என்பவர் கவையின் ஒரு கிளையை அசையாமல் ஒட்டிவிட்டு, மற்றக் கிளையின் நுனியில் ஊசியை ஒட்டினார். ஊசி அணுவை நெருங்கியதும் அதிர்வெண் சிறிது மாறும். இழுக்கும் விசை அதிர்வைத் தளர்த்தும். தள்ளும் விசை அதனை விரைவாக்கும். அம்மாற்றத்தைப் படிகமே மின்குறியாக உரைத்துவிடும். லேசர் ஒளியும் வேண்டுவதில்லை. கிளை அசையும் தொலைவோ ஓர் அணுவின் பருமனிலும் குறைவு.

2009-ஆம் ஆண்டில் சூரிச்சு ஐ.பி.எம். ஆய்வகத்தார் கடுங்குளிரில் இத்தகைய கவையைக் கொண்டு பென்டசீன் என்னும் மூலக்கூற்றை ஆராய்ந்தனர். வேதியியல் நூல்களில் ஐந்து அறுகோணங்களாக வரையப்படும் உருவம் அவ்வண்ணமே படத்தில் தோன்றிற்று. நூலில் கோடாக இருந்தது கண்முன் பொருளாக நின்றது!

நம் நகரம் அறிந்த முறை

அதிர்வை எண்ணி விசையை அறியும் இம்முறை திருவனந்தபுரத்துக்குப் புதிதன்று. 1837-ஆம் ஆண்டில் சுவாதித் திருநாள் மன்னர் இங்கே வானாய்வுக்கூடம் நிறுவினார். கால்டிகாட்டும், அவருக்குப்பின் 1852-இல் பொறுப்பேற்ற பிரௌனும் புவிக்காந்தத்தை அளந்தனர். பிரௌன் 1855-இல், நம் தமிழ் முனிவர் பெயர் தாங்கிய அகத்தியமலைமீதும் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். அக்காலக் காந்த அளவையில், தொங்கவிட்ட காந்தம் ஒருமுறை ஆடி முடிக்கும் காலத்தை எண்ணுவர். ஆட்டம் விரைந்தால் காந்த விசை மிகுதி, தளர்ந்தால் குறைவு. அன்று காந்தம் ஆடிற்று, இன்று கவை அதிர்கின்றது. அன்று அளந்தது புவியின் விசை, இன்று அளப்பது அணுவின் விசை. அடிப்படை ஒன்றே.

இல்லத்தார் எண்ணுக

பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த குடும்பங்கள் நாம். மகன் மேசைமுன் அமரும் உத்தியோகம் பெறவேண்டும் என்பதே நம்மிற் பலர் விருப்பம். பழைய வானொலியைப் பிரித்துப் பார்க்கும் சிறுவனை, “படிப்பைக் கெடுக்காதே” என்று அதட்டுகின்றோம். தட்டானின் நுண்தராசும் கடிகாரம் செப்பனிடுவோர் விரலும் கல்விக்குப் புறம்பானவை என எண்ணுகின்றோம். மேலே கண்ட வரலாறு அவ்வெண்ணம் தவறெனக் காட்டுகின்றது. மலிந்த கடிகாரப் பொருளை எடுத்து, அதன்மேல் நுண்ணூசியைக் கையால் ஒட்டியவரே அணுவின் உருவத்துக்கு வழி திறந்தார். அவருடைய இயற்பியல் அறிவுக்கு விரலின் நிதானமும் துணை நின்றது.

ஆதலின் அன்பர்களே, ஓடாத கடிகாரம் வீட்டில் இருந்தால் எறிந்துவிடற்க. அதனைப் பிள்ளைகளிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். மின்கலத்தை மட்டும் முன்னரே அகற்றிவிடுங்கள். கவை எது என்று காட்டுங்கள். அது நொடிக்கு எத்தனை முறை அதிரும் என்பதைத் தமிழிலேயே சொல்லிக்கொடுங்கள். விதுரையில் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. தும்பையில் விண்வெளி மையம் இருக்கின்றது. அவற்றின் வாயிலில் நம் பிள்ளைகள் நாளை நுழையும்போது, மதிப்பெண்ணோடு கைத்திறனையும் கொண்டு செல்வார்களாக!