சத்து டப்பாவுக்கு முதலில் பில் வாங்குங்கள்

சோர்வு தீருமென்று சத்து மாத்திரை வாங்கி ஏமாந்தவர்கள் நுகர்வோர் ஆலோசனைக்கு வரும்போது நான் முதலில் கேட்பது பில். பெரும்பாலும் இருக்காது. “தெரிஞ்ச அக்காதான் சார், ஜிபேல போட்டுவிட்டேன்” என்பார்கள். சரி, டப்பா எங்கே என்றால், கழுவிக் காயவைத்து அதில் கடுகு போட்டு வைத்திருப்பார்கள். லேபிள் உரிந்திருக்கும், பேட்ச் எண் அழிந்திருக்கும். புகாருக்குத் தேவையான இரண்டு ஆதாரங்களையும் தொலைத்த பிறகுதான் புகார் கொடுக்க வருகிறார்கள்.

இவர்களில் பலருக்கு இருப்பது சாதாரண அலுப்பு அல்ல. காய்ச்சலோ கொரோனாவோ வந்துபோன பிறகு ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் களைப்பு. தூங்கி எழுந்தாலும் தெம்பு இல்லை. ஒருநாள் துணி துவைத்தால் அடுத்த இரண்டு நாள் படுக்கை. யோசித்தால் மூளை மந்தமாகிறது. நாள்பட்ட சோர்வு நோய் என்று மருத்துவத்தில் இதற்குப் பெயர் உண்டு. இதை உறுதிசெய்யத் தனி ரத்தப் பரிசோதனை இல்லை, குணப்படுத்த அங்கீகரிக்கப்பட்ட மருந்தும் இன்றுவரை இல்லை. “ரிப்போர்ட் எல்லாம் நார்மல்” என்று மருத்துவர் இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார், வீட்டில் சோம்பேறிப் பட்டம் கட்டுகிறார்கள். அந்த நிலையில் ஒருவர் உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டு, “மூணு மாசத்துல எழுந்து ஓடுவீங்க” என்று சொன்னால் யார்தான் வாங்க மாட்டார்கள்? நம்பிக்கை வைத்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நம்பிக்கையை விலைபேசியவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

மாத்திரைகளைப் பற்றிய உண்மை இதுதான். இந்த நோயைக் குணப்படுத்தவோ கட்டுப்படுத்தவோ வைட்டமின், தாது மாத்திரைகளை வழக்கமாகப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. கோ-என்சைம் க்யூ10 போன்றவற்றில் சில சிறிய ஆய்வுகள் கொஞ்சம் முன்னேற்றம் காட்டின. “குணமாகும்” என்று சொல்ல அவை போதாது. உடம்பில் நிஜமாகவே ஒரு குறை இருந்தால் கதை வேறு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருந்தது. ஆகவே டப்பாவுக்குப் பணம் கட்டும் முன் ரத்த அணுக்கள், ஃபெரிட்டின், தைராய்டு, சர்க்கரை, பி12, வைட்டமின் டி, சிறுநீரகம், கல்லீரல் பரிசோதனைகளை முடித்துவிடுங்கள். இவற்றில் பல அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கும். சத்துக் குறை தெரிந்தால் அதற்கான மருந்து பெரும்பாலும் மலிவு, பலனும் தெரியும்.

“சத்துதானே, என்ன செய்துவிடும்?” என்ற அலட்சியம்தான் எனக்குப் பயம். வாரம் ஒன்று என்று எழுதிக்கொடுத்த 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டைத் தினமும் சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, குழப்பம் வரும், சிறுநீரகம் கெடும். பி6 அதிக அளவில் நீண்டகாலம் உள்ளே போனால் நரம்பு பாதிக்கப்பட்டுக் கால் மரத்துப்போகும். முடிக்கென்று விழுங்கும் பயோட்டின், தைராய்டு பரிசோதனை முடிவையே பொய்யாக்கிவிடும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி விட வேண்டும். அஸ்வகந்தாவும் சீந்திலும் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கியது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. கண் மஞ்சளாகி, சிறுநீர் அடர்நிறமாகி, உடம்பு அரிக்கும்போது “நச்சு வெளியேறுது, தொடர்ந்து சாப்பிடுங்க” என்று விற்றவர் சொல்வார். நம்பாதீர்கள். அன்றே நிறுத்திவிட்டு டப்பாவோடு மருத்துவமனைக்குப் போங்கள்.

லேபிளே இல்லாத பொடியும் லேகியமும் இதைவிட ஆபத்து. சாப்பிட்ட மூன்றாம் நாளே வலி மறைந்து, பசி பிய்த்துக்கொண்டு, சில வாரத்தில் முகம் உருண்டையாக வீங்கினால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அதைத் திடீரென நீங்களாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மருத்துவரிடம் பொடியைக் காட்டி, அவர் சொல்லும் முறையில்தான் நிறுத்த வேண்டும். அதனால்தான் சொல்கிறேன்: லேபிள் இல்லாத எதையும் வாயில் போடாதீர்கள்.

இனி, புகார் எங்கே என்ற கேள்வி. மக்கள் அலைக்கழிக்கப்படுவது இங்கேதான். உணவுப் பாதுகாப்பு அலுவலகம் “இது மருந்து” என்கிறது. மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் “இது உணவு” என்கிறது. சம்பளம் வாங்குகிறவர்கள் தங்கள் வேலை எதுவென்று மனுதாரரிடம் கேட்பது வெட்கக்கேடு. விடை டப்பாவிலேயே இருக்கிறது. 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உணவு உரிம எண் இருந்தால் அது சட்டப்படி உணவு. “மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல” என்ற வாசகமும் அதில் இருந்தாக வேண்டும். நோயைக் குணப்படுத்தும் என்று சொல்ல அதற்கு உரிமையே கிடையாது. புகார் உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு. 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணிலும் அனுப்பலாம். சித்த, ஆயுர்வேத மருந்து என்று போட்டு உற்பத்தி உரிம எண் இருந்தால், சென்னை அரும்பாக்கத்திலுள்ள இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதி ஆணையரகத்துக்கு எழுதுங்கள். அலோபதி மருந்து உரிமம் என்றால் மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநர். எந்த எண்ணும் இல்லையா? நியமன அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் ஒரே நாளில் மனு கொடுங்கள்.

மனு ஒரு பக்கம் போதும். பொருளின் பெயர், உரிம எண், பேட்ச் எண், வாங்கிய தேதி, கொடுத்த பணம், விற்றவர் சொன்ன வாக்குறுதி, உடம்புக்கு என்ன ஆனது. கூடவே பில் அல்லது ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல், டப்பாவின் நான்கு பக்கப் படங்கள், மருத்துவமனைச் சீட்டு. மிச்ச மாத்திரையைக் கொட்டிவிடாதீர்கள். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் மட்டும். அதிகாரி டப்பாவையே கேட்டால் எழுத்தில் ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

பரிசோதனைக்கும் உங்களுக்கு உரிமை உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன் 40-ஆம் பிரிவுப்படி, வாங்கும் எவரும் கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கலாம். பொருள் சட்டத்தை மீறியது என்று தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால், சோதிக்கப் போகிறேன் என்பதை வாங்கும்போதே விற்பவரிடம் தெரிவித்திருக்க வேண்டும். இந்த ஒரு வரியை மறந்துதான் பலர் தோற்கிறார்கள். ஏற்கெனவே வாங்கித் திறந்துவிட்டவர்கள், அதே பேட்ச் பொருளைக் கடையில் மாதிரி எடுக்கும்படி நியமன அலுவலரிடம் மனுவில் கேளுங்கள்.

பொய் விளம்பரத்துக்குத் தனி வழி இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 17-ஆம் பிரிவு மாவட்ட ஆட்சியரிடமே புகார் செய்ய அனுமதிக்கிறது. பில் கொடுக்க மறுப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிகம்தான். பணமும் இழப்பீடும் வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். கெடு இரண்டு ஆண்டு. பலர் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்துவிட்டு வழக்குப் போட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அது சமரச உதவி எண் மட்டுமே. அங்கே காத்திருக்கும் நாளிலும் கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு மாதமாகியும் எந்த அலுவலகமும் பதில் சொல்லாவிட்டால், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் “என் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன?” என்று கேளுங்கள். கிடப்பில் போட்ட கோப்பு அதன் பிறகு நகர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

படுக்கையை விட்டு எழ முடியாதவரை இத்தனைக்கும் அலையச் சொல்ல எனக்கு மனமில்லை. வீட்டில் இருப்பவர்களே, இந்த வேலை உங்களுடையது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கும். மனுவோடு போங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.