கார் ஷெட் தரைக்கு எந்தப் பூச்சு?

புது வீட்டு வேலை முடியும் தறுவாயில், கார் ஷெட் தரைக்கும் எபாக்ஸி அடித்துவிடலாமா என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். ஷோரூமிலும் சர்வீஸ் சென்டரிலும் மின்னும் சாம்பல் நிறத் தரையைப் பார்த்து வந்த ஆசை அது. ஆசையில் தவறில்லை. வெறும் சிமென்ட் தரை நாள்பட நாள்பட மாவாகத் தூசி கிளப்பும். ஒரு சொட்டு ஆயில் விழுந்தாலும் உறிஞ்சிக் கறையாக்கிக்கொள்ளும். ஆனால் பெயின்ட் கடையில் நிற அட்டையைப் புரட்டும் முன் பார்க்க வேண்டியது, தரைக்குள் இருக்கும் ஈரத்தை. பூச்சு நிற்பதும் உரிவதும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

கான்கிரீட்டுக்குள் நுண்துளைகள் ஏராளம். மண்ணின் ஈரம் அவற்றின் வழியே ஆவியாக மேலேறிக்கொண்டே இருக்கும். வெறும் தரையாக இருக்கும்வரை அது காற்றில் கலந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. மேலே எபாக்ஸிப் படலம் விழுந்ததும் அந்த வழி அடைபடுகிறது. ஈரம் கரைத்துக்கொண்டு வரும் உப்பும் காரமும் படலத்துக்கு அடியில் தேங்குகின்றன. முதலில் சின்னச் சின்னக் கொப்புளம், பிறகு நகத்தால் நெம்பினாலே பெயர்ந்து வரும் பொருக்கு. நம் ஊர்த் தனி வீடுகளில் மண் நிரப்பி, தண்ணீர் விட்டு அமுக்கி, ஜல்லி பரப்பி, அதன் மேல் கான்கிரீட் போடுகிறோம். இடையில் பாலித்தீன் ஷீட் விரிப்பவர்கள் குறைவு. நிலத்தடி நீர் மேலாகவே நிற்கும் கடலோரப் பகுதிகளில் தொல்லை இன்னும் கூடும். சுவரின் அடியில் உப்புப் பூத்து, ஓதம் ஏறிய கோடு தெரிந்தால் தரையையும் சந்தேகப்பட வேண்டும்.

இதைக் கண்டறியப் பெரிய கருவி வேண்டாம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் ஷீட் ஒன்றைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிடுங்கள். எடுக்கும்போது உள்பக்கம் நீர் முத்து முத்தாக இருந்தாலோ, அடியில் கான்கிரீட் கருத்திருந்தாலோ, ஈரம் ஏறுகிறது என்று பொருள். இரண்டு மூன்று இடங்களில் செய்வது நல்லது. முடிந்தால் மழைக்காலத்திலும் ஒரு முறை செய்யுங்கள். சித்திரையில் காய்ந்து கிடக்கும் தரை ஐப்பசியில் வேறு கதை சொல்லும். புதிதாகப் போட்ட கான்கிரீட் என்றால் 28 நாளாவது ஆகாமல் எந்தப் பூச்சையும் யோசிக்கவே வேண்டாம்.

கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடித்தது போக மிஞ்சிய எனாமலைத் தரைக்கு அடித்துவிடும் பழக்கம் இருக்கிறது. அது நிற்காது. அந்தப் பெயின்ட்டில் எண்ணெய்ச் சத்து உண்டு, கான்கிரீட்டிலோ சுண்ணாம்பின் காரம். ஈரமும் சேர்ந்தால் சோப்புக் காய்ச்சும்போது நடக்கும் அதே வேதிவினை நடந்து படலம் பிசுபிசுத்து உரியும். தண்ணீர் கலந்து அடிக்கும் அக்ரிலிக் தரை பெயின்ட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை, விலையும் குறைவு. நடைபாதைக்கும் சைக்கிள் நிற்கும் மூலைக்கும் அது போதும். காருக்குப் போதாது. காரணம் டயர். நெடுஞ்சாலையில் ஓடி வந்த சூட்டோடு டயர் தரையில் நிற்கிறது. அதன் ரப்பரில் உள்ள மென்மையாக்கிகள் பெயின்ட்டை இளக்குகின்றன. டயர் ஆறிச் சுருங்கும்போது பெயின்ட்டையும் பிடித்து இழுக்கிறது. நாலு சக்கரம் நின்ற இடம் மட்டும் வெறும் தரையாகிவிட்ட ஷெட்டுகளுக்கு இதுதான் காரணம்.

ரெசினும் ஹார்ட்னரும் தனித்தனி டப்பாவில் வரும் எபாக்ஸி இதைத் தாங்கும். ரோலரில் இரண்டு கோட் அடிப்பது கால் மில்லிமீட்டர் அளவில் நிற்கும். ஊற்றிப் பரப்பும் செல்ஃப் லெவலிங் வகை 2, 3 மில்லிமீட்டர் வரும். பட்டறை நடத்துபவர்களுக்கு அது சரி, ஒரு கார் நிற்கும் வீட்டுக்கு முதல் வகையே தாராளம். ஆனால் எபாக்ஸி வெயில் தாங்காது. மஞ்சளாகி, மங்கி, மேலே மாவு படியும். வெயில் விழும் முன்பகுதிக்கு எபாக்ஸிக்கு மேல் வெயில் தாங்கும் பாலியூரிதேன் கோட் ஒன்று அவசியம். கூரையே இல்லாத வாசலுக்கு எபாக்ஸி வேண்டவே வேண்டாம் என்பேன்.

எந்தப் பொருளை வாங்கினாலும் பாதி வேலை தரையைத் தயார் செய்வதில்தான் இருக்கிறது. கொத்தனார் கரணையால் தேய்க்கும்போது மேலே வந்து படிந்த சிமென்ட் பால் வலுவற்ற ஏடு. பூச்சு அதில் ஒட்டினால் ஏட்டோடு சேர்ந்து பெயரும். வைரப் பல் வைத்த கிரைண்டிங் மெஷினால் அதைச் சுரண்டி, தரையைச் சொரசொரப்பாக்கி, தூசியை வேக்குவத்தால் எடுக்க வேண்டும். ஆசிட் ஊற்றிக் கழுவுவது இரண்டாம்பட்சம்தான். ஆயில் ஊறிய இடத்தில் ஆசிட் வேலை செய்யாது. அங்கே முதலில் டீகிரீசர் போட வேண்டும். ஆசிட்தான் வழி என்றால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஒருபோதும் மாற்றி ஊற்றக் கூடாது. பிறகு நன்றாக அலசிக் காயவிட வேண்டும். தயாரான தரையில் சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் சரி. முத்தாக நின்றால் எண்ணெயோ பழைய பூச்சோ இன்னும் இருக்கிறது.

அடிக்கும் நேரமும் முக்கியம். காலையில் தரை சூடேறும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து, ஈரப் பூச்சில் குமிழி குமிழியாக வெளிவரும். வெப்பம் இறங்கும் பின்மாலை நல்லது. மழை மூட்டத்தில் அடித்தால் மேலே மெழுகு போன்ற பிசுக்குப் படிந்து, அடுத்த கோட் ஒட்டாது. கலந்த எபாக்ஸியை வாளியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தால் வாளியிலேயே சூடேறி இறுகிவிடும். நம் கோடையில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். அடித்து மறுநாள் நடக்கலாம், கார் ஏற்ற ஒரு வாரம் பொறுங்கள்.

பளபளப்பை மட்டும் நினைத்து வழுக்கலை மறந்துவிடுகிறார்கள். மழையில் நனைந்து வரும் காரிலிருந்து நீர் சொட்டும் தரையில்தான் பாட்டியும் குழந்தையும் இறங்குகிறார்கள். மேல் கோட்டில் குவார்ட்ஸ் மணல் தூவச் சொல்லுங்கள். பளபளப்பு கொஞ்சம் குறைந்தாலும் அதுதான் பாதுகாப்பு.

பாலித்தீன் சோதனையில் ஈரம் தெரிந்தவர்களுக்கும் வழி இருக்கிறது. சிலிகேட் கலந்த டென்சிஃபையர் திரவத்தைத் தரையில் ஊறவிட்டால், கான்கிரீட்டில் மிச்சமிருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து துளைகளுக்குள்ளேயே கெட்டியாகும். தூசி எழுவது அடங்கும். மேலே படலமே இல்லாததால் கொப்புளிக்கவும் உரியவும் எதுவும் கிடையாது, ஆவியும் வெளியேறும். நிறம் வராது, ஆயில் கறையையும் முழுதாகத் தடுக்காது. நிறமும் வேண்டும் என்றால் நம் பழைய வீடுகளின் சிவப்பு ஆக்சைடு தரையை நினைத்துப் பாருங்கள். அங்கே நிறம் மேலே பூசியதில்லை, சிமென்ட்டோடு கலந்து இழைத்தது. அதனால்தான் பல தலைமுறை நடந்த பிறகும் அது உரியாமல் நிற்கிறது.

வேலையை ஒப்பந்தத்துக்கு விடும்போது கொட்டேஷனில் ஈரச் சோதனை, கிரைண்டிங், பிரைமர், எத்தனை கோட் என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பெருக்கித் துடைத்துவிட்டு அப்படியே அடித்துவிடலாம் என்பவரிடம், அவர் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வேலையைக் கொடுக்காதீர்கள்.