ஆலையில் தரை பெருக்கிய பையன் செய்த ரைஃபிள்! தெரியுமா?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் சிப்பாயும் ஜப்பானிய சிப்பாயும் பெரும்பாலும் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளினார்கள். அதே நேரத்தில் எதிரே நின்ற அமெரிக்க சிப்பாய் விசையை மட்டும் எட்டு முறை அழுத்தினார், எட்டுத் தோட்டாக்களும் பறந்தன. தெரியுமா? அந்த எம்-1 கேரண்ட்தான், ஒரு பெரிய நாடு தன் காலாட்படைக்கே பொது ஆயுதமாகக் கொடுத்த முதல் செமி ஆட்டோமேடிக் ரைஃபிள்!

அதை வடிவமைத்தவர் பொறியியல் கல்லூரிப் பட்டதாரியும் இல்லை, ராணுவ அதிகாரியும் இல்லை. ஜான் கேரண்ட் 1888 ஜனவரி 1 அன்று கனடாவின் கியூபெக்கில் பிறந்தவர். சிறுவனாக அமெரிக்காவுக்கு வந்து, துணி ஆலையில் தரை பெருக்கி, அங்கே ஓடிய இயந்திரங்களைப் பார்த்துப் பார்த்தே தொழில் கற்றுக்கொண்டார். 1919இல் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதச் சாலையில் சேர்ந்தார். அவருடைய ரைஃபிளைப் படை ஏற்றது 1936இல். நடுவே பதினேழு ஆண்டுகள்!

அந்தப் பதினேழு ஆண்டுகளில் நடந்தவற்றைக் கேளுங்கள். ஜான் பெடர்சன் என்ற புகழ்பெற்ற வடிவமைப்பாளர் போட்டிக்கு நின்றார். அவருடைய ரைஃபிள் தடையில்லாமல் இயங்கத் தோட்டாக்களுக்கு மெழுகு பூச வேண்டியிருந்தது! எந்த அளவுத் தோட்டா நல்லது என்று முடிவுசெய்ய 1928இல் மயக்க மருந்து கொடுத்த பன்றிகள் மீது சுட்டுப் பார்த்தார்கள். படிக்கவே மனம் கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான். கடைசியில் .276 அங்குலத் தோட்டாவைத் தேர்ந்தெடுத்தார்கள். கேரண்ட்டும் அதற்கேற்ற ரைஃபிளைச் செய்து முடித்தார். 1932இல் படைத் தலைமைத் தளபதி டக்ளஸ் மெக்ஆர்தர் ஒரே முடிவில் அதைத் தள்ளிவிட்டார். கிடங்குகளில் பழைய .30 தோட்டா மலைபோல் இருக்கும்போது புது அளவு எதற்கு என்பது அவர் வாதம். நல்லவேளையாக .30க்கான மாதிரியிலும் கேரண்ட் ஏற்கெனவே உழைத்திருந்தார். சோதனையில் அதன் போல்ட்டில் விரிசல் விட்டிருந்தது. சரிசெய்து மறுபடி கொண்டுவந்தார். வென்றார்!

உள்ளே நடப்பதுதான் அதிசயம். தோட்டாவைத் தள்ளும் வெடிமருந்து வாயுவில் ஒரு சிறு பங்கு, குழலின் முன்முனைக்கு அருகே அடிப்பக்கம் உள்ள ஒரு சின்னத் துளை வழியே வெளியேறுகிறது. அது பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுகிறது; பிஸ்டன் தண்டு போல்ட்டைச் சுழற்றிப் பூட்டைத் திறக்கிறது; வெற்றுக் கூடு வெளியே தெறிக்கிறது; ஸ்பிரிங் எல்லாவற்றையும் முன்னுக்குக் கொண்டுவரும்போது அடுத்த தோட்டா அறைக்குள் போய்விடுகிறது. கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது! முதலில் வந்த ரைஃபிள்களில் இந்தத் துளை கிடையாது. குழலின் வாயில் ஒரு மூடி பொருத்தி, தோட்டா வெளியேறிய பிறகுதான் வாயுவைப் பிடித்தார்கள். அது சரிப்படாமல் 1940 வாக்கில் துளைக்கு மாறினார்கள்.

தொடக்க கால ரைஃபிள்களில் இன்னொரு மர்மம்: ஏழாவது தோட்டாவில் சிக்கிக்கொள்ளும்! தேடிப் பார்த்தால், தயாரிப்பின்போது உட்புறத்தில் ஒரு வழிகாட்டி விளிம்பின் துணுக்கு வெட்டுப்பட்டுப் போயிருந்தது. ஒரு துணுக்குதான்!

எட்டுத் தோட்டாக்களையும் எஃகுக் கிளிப்போடு சேர்த்தே உள்ளே அழுத்துவார்கள். கடைசித் தோட்டா போனதும் காலிக் கிளிப் ‘டிங்’ என்று தானே வெளியே துள்ளும். நிரப்பும்போது அசந்தால் போல்ட் பாய்ந்து கட்டைவிரலை நசுக்கிவிடும். ‘எம்-1 கட்டைவிரல்’ என்றே அதற்குப் பெயர்!

1957 வரை சுமார் 54 லட்சம் ரைஃபிள்கள் உருவாயின. டிராக்டர் செய்துவந்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம்கூட அதைத் தயாரித்தது! ஏதென்ஸில் காவல் நிற்கும் கிரேக்க எவ்சோன் வீரர்களின் கையில் இன்றும் அதுதான்.

கேரண்ட்டுக்கு எவ்வளவு கிடைத்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ரைஃபிளுக்கு ஒரு சென்ட்கூட இல்லை! காப்புரிமையை அரசுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு லட்சம் டாலர் கொடுக்கலாம் என்று நாடாளுமன்றத்தில் மசோதா வந்தது, அதுவும் நிறைவேறவில்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை. அவரோ 1953இல் ஓய்வு பெறும்வரை அதே ஆயுதச் சாலையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். 1957இல் அமெரிக்கப் படை ஏற்ற அடுத்த ரைஃபிளான எம்-14இன் உள்ளேயும் சுழன்று பூட்டியது அவர் வகுத்த போல்ட்தான்!