உயிரோடு செலுத்தப்படும் மருந்து

மருந்து என்றால் உயிரற்ற வேதிப்பொருள் என்பதே பொதுவான எண்ணம். மாத்திரையாயினும் ஊசிமருந்தாயினும், அது குருதியோடு உடலெங்கும் பரவி, தேவையான இடத்தை அடைவது போலவே தேவையற்ற இடங்களையும் அடைகிறது. பக்கவிளைவுகளுக்கு இதுவே பெருங்காரணம். ஆகவே, உயிரணுக்களையும் பாக்டீரியாக்களையும் மருந்தாகவோ, மருந்தைச் சுமக்கும் ஊர்தியாகவோ பயன்படுத்தும் முயற்சிகள் பல நாடுகளில் நடைபெறுகின்றன. இதனை வருங்காலக் கனவு என்று கருத வேண்டியதில்லை. 1966-இல் தோன்றிய புனே சீரம் இன்ஸ்டிடியூட் நிறுவனம் தயாரிக்கும் ‘ஆன்கோ பி.சி.ஜி.’ உயிருள்ள பாக்டீரியாவைக் கொண்ட புற்றுநோய் மருந்தேயாகும்.

பி.சி.ஜி. என்றதும் பச்சிளங்குழந்தைகளுக்குப் போடப்படும் காசநோய்த் தடுப்பூசியே நினைவுக்கு வரும். பிரெஞ்சு அறிஞர்கள் கால்மெட், கெரான் இருவரும் மாட்டுக் காசநோய்க் கிருமியை 1908 முதல் 13 ஆண்டுகள் மீண்டும் மீண்டும் வளர்த்து, அதன் கொடுமையைக் குறைத்து உருவாக்கியது அது. அதே கிருமியைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குப் பயன்படுத்திக் கண்ட நற்பயனைக் கனடா நாட்டு மருத்துவர் ஆல்வரோ மொராலெஸ் 1976-இல் வெளியிட்டார்.

தசையை ஊடுருவாமல் உட்சுவரிலேயே நிற்கும் புற்றுநோய்க்கு உரியது இம்முறை. கட்டியை அறுவையால் அகற்றிச் சில வாரங்கள் கழிந்தபின், மெல்லிய குழாய் வழியே மருந்துக் கரைசல் சிறுநீர்ப்பைக்குள் விடப்படுகிறது. நோயாளி அதனை இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். வாரம் ஒரு முறையாக ஆறு வாரங்கள் இது தொடரும். தடுப்பூசியில் உள்ளதைப் போலப் பல நூறு மடங்கு கிருமிகள் இதில் உண்டு. அவை சுவரில் ஒட்டிக்கொண்டு புற்றணுக்களுக்குள்ளும் நுழைகின்றன. அந்நியக் கிருமியைக் கண்டு திரண்டு வரும் வெண்குருதி அணுக்கள் புற்றணுக்களையும் சேர்த்து அழிக்கின்றன. போரிடுவது உடலேயன்றிக் கிருமியன்று. கிருமி எச்சரிக்கை மணி மட்டுமே.

உயிருள்ளது என்பதாலேயே இம்மருந்தைக் கையாள்வதில் தனி ஒழுங்கு தேவைப்படுகிறது. குழாய் செலுத்துகையில் காயம் ஏற்பட்டுக் குருதி கசிந்தால் அன்று மருந்து தரக்கூடாது. கிருமி குருதியில் கலந்து நோயாக மாறக்கூடும். எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கும் இது ஏற்றதன்று. வேறு நோய்க்குத் தரப்படும் சில கிருமிக்கொல்லிகள் இம்மருந்தையே கொன்றுவிடும் என்பது வேடிக்கையான உண்மை. சிகிச்சைக்குப் பின் சில மணி நேரம் வெளியேறும் சிறுநீரையும் சலவைத்தூள் கரைசலிட்டுத் தூய்மைப்படுத்த வேண்டும்.

தயாரிப்பிலும் அவசரம் கூடாது. இக்கிருமி இரட்டிப்பாக ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. அதனை விரைவுபடுத்த எந்தப் பொறியாலும் இயலாது. மேலும், வளர்க்க வளர்க்க அதன் இயல்பு மாறக்கூடுமாதலால், உறையவைத்து உலர்த்திய மூலவித்திலிருந்தே ஒவ்வொரு தொகுதியும் தொடங்கப்படுகிறது. டொரண்டோ நகரின் ஆலை ஒன்று 2012-இல் பாதிப்புற்று, பின்னர் தயாரிப்பையே கைவிட்டபோது, செல்வ நாடுகளின் மருத்துவமனைகளிலும் இம்மருந்துக்குப் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டது. ஏனைய ஆலைகளால் உடனே ஈடுகட்ட முடியவில்லை. இத்தகைய மருந்தை உள்நாட்டிலேயே தயாரிக்கும் ஆற்றலின் மதிப்பை இது உணர்த்தும்.

அடுத்த படியும் புனேயுடன் தொடர்புடையதே. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில், பி.சி.ஜி. கிருமியின் ஒரு மரபணுவை நீக்கி, லிஸ்டீரியா என்னும் வேறொரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்து வி.பி.எம்.1002 உருவாக்கப்பட்டது. அதன் உரிமத்தைச் சீரம் நிறுவனம் பெற்றது. வழக்கமான பி.சி.ஜி.க்குப் பின்னும் நோய் மீண்டவர்களிடம் ஐரோப்பாவில் சோதித்தபோது, ஏறத்தாழப் பாதிப்பேருக்கு 60 வாரங்கள் வரை சிறுநீர்ப்பையில் நோய் திரும்பவில்லை.

மனித உயிரணுவே மருந்தாவதும் நம் நாட்டில் தொடங்கிவிட்டது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் இணைந்து கண்ட நெக்ஸ்கார்19 என்னும் குருதிப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. ஆயினும் அதற்கு ஒவ்வொரு நோயாளியின் வெண்குருதி அணுக்களையும் தனித்தனியே எடுத்து, ஆய்வகத்தில் மாற்றியமைத்து, அவருக்கே திருப்பிச் செலுத்த வேண்டியுள்ளது. புனேயின் குப்பிக்கோ, 2 முதல் 8 பாகை வரை குளிர்ச்சி காக்கும் பெட்டியும், குழாய் செலுத்தப் பயின்ற மருத்துவரும் இருந்தால், மாவட்டத் தலைநகர் மருத்துவமனையே போதுமானது.