கோடி என்பது தலைப்பு, 25 ஆயிரம் என்பது சம்பளம்

2024 ஜனவரியில் பம்பாய் ஐஐடியிலிருந்து ஒரு செய்தி வந்தது. 85 மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் சம்பளம். நாடு முழுக்கப் பல பெற்றோர்களின் மனதில் அந்த எண் பதிந்தது. சில நாட்களில் ஐஐடியே திருத்தியது: 85 அல்ல, 22. திருத்தத்தை எத்தனை பேர் படித்தார்களோ!

அதே ஐஐடியின் 2023-24 வேலைவாய்ப்பு அறிக்கைப்படி சராசரிச் சம்பளம் ரூ. 23.5 லட்சம். ஆனால் எல்லோரையும் சம்பள வாரியாக நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு ரூ. 17.92 லட்சம்தான். ரூ. 4 முதல் 6 லட்சத்துக்குள் 10 வேலைகள்.

சராசரி செய்யும் வேலை இது. ஒன்பது பேருக்கு 4 லட்சம், ஒருவருக்கு ஒரு கோடி என்றால் சராசரி ரூ. 13.6 லட்சம். அந்தப் பத்துப் பேரில் ஒருவரும் அதை வாங்குவதில்லை.

கம்ப்யூட்டர் துறையில் இந்த இடைவெளி இன்னும் அதிகம். ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும் பெரிய சேவை நிறுவனங்கள் 2010 வாக்கில் புது பொறியாளருக்குத் தந்தது ஆண்டுக்கு 3 லட்சத்துச் சொச்சம். பத்தாண்டுக்குப் பிறகும் தொடக்கம் மூன்றரை லட்சத்தைச் சுற்றியே. விலைவாசி மட்டும் நிற்கவில்லை. 2024 ஆகஸ்டில் காக்னிசன்ட், மூன்றாண்டுப் பட்டதாரிகளுக்கு ரூ. 2.52 லட்சம் என்று அறிவித்துக் கேலிக்கு ஆளானது. பொறியாளர்களுக்கு 4 முதல் 12 லட்சம் என்று விளக்கமும் சொன்னது. இன்னொரு பக்கம், பெங்களூரிலும் ஹைதராபாதிலும் பன்னாட்டு நிறுவனங்களின் மையங்களில் அதே வயதுக்காரர் இதைப்போலப் பல மடங்கு வாங்குகிறார்.

அந்த மூன்றரை லட்சமும் முழுசாகக் கைக்கு வராது. நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதி, கிராஜுவிட்டி, காப்பீடு, வந்தால் வரும் ஊக்கத்தொகை எல்லாம் அதற்குள் அடக்கம். பிடித்தம் போக மாதம் ஏறக்குறைய 25,000. கோடிகளிலும் இதே சூட்சுமம் உண்டு: நான்கு ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும் பங்குகளையும், ஒரே ஒரு முறை தரும் சேர்ப்புத் தொகையையும் கூட்டிக் காட்டுகிறார்கள்.

"சாஃப்ட்வேரா?" என்றதும் வாடகையை ஏற்றும் வீட்டுக்காரருக்கு இது தெரியாது. கல்விக் கடன் வாங்கும் அப்பாவுக்குத் தெரிந்தாக வேண்டும். கல்லூரியிடம் அவர் கேட்க வேண்டியது அதிகபட்சச் சம்பளத்தை அல்ல. நடு மாணவரின் சம்பளத்தையும், வேலையே கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்பதையும். நிறுவனங்களைப் பற்றியும் விசாரிக்க வழி இருக்கிறது. இயக்குநரின் சம்பளம் நடு ஊழியருடையதைப்போல எத்தனை மடங்கு என்பதைப் பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம்.